படத்துக்கு மட்டும் கண்ணாடியைக் கழற்றுங்கள்

(நமது காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வளாகத்திலிருந்து ஆண்டுதோறும் சில பிள்ளைகள் அமெரிக்கா போகிறார்கள். ஆராய்ச்சி, ஆசிரியர் பணி, பயிற்சி போன்ற பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்குக் கிடைப்பது ஜே-1 விசா. என் மகளும் அப்படித்தான் போனாள். டிஎஸ்-2019 படிவம் வந்துவிட்டது. அதில் திட்டம் தொடங்கும் தேதியும் அச்சாகிவிட்டது. டிஎஸ்-160 விண்ணப்பத்தை அன்றிரவே அனுப்பிவிட வேண்டும் என்று எங்களுக்கு அவசரம்.

அவளுக்கு மைனஸ் ஆறு பவர். மூன்றாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. தெருமுனை ஸ்டுடியோவில் கண்ணாடியோடே படம் எடுத்துக்கொண்டு வந்தோம். பழைய பாஸ்போர்ட்டிலும் கண்ணாடியோடுதானே இருக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து விதிமுறையைப் படித்தபோதுதான் தெரிந்தது: 2016 நவம்பர் 1 முதல் அமெரிக்க விசா படத்தில் கண்ணாடி அணியக்கூடாது.

திரும்ப ஓடினோம். ஸ்டுடியோ தம்பி, "எதுக்கு சார் மறுபடி எடுக்கணும்? கம்ப்யூட்டர்லயே கண்ணாடியை அழிச்சுடறேன்" என்றார். எனக்கும் ஆசைதான். மகள்தான், "வேண்டாம்ப்பா, மாத்தின படத்தை ஏத்துக்க மாட்டாங்க" என்றாள். அவள் சொன்னது சரி. படத்தைத் திருத்தக்கூடாது என்பதும் விதிதான். நேர்காணல் தேதி கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும்போது, ஒரு படத்தால் அது தள்ளிப்போனால் யாரை நோவது?

கண்ணாடியைக் கழற்றியதும் இன்னொரு சிக்கல். கேமரா எங்கே என்றே அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று குரல் கொடுக்க, நாலாவது படம் சரியாக வந்தது. மூக்கில் பதிந்திருந்த தழும்பு மறைய, முன்கூட்டியே கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கலாம்.

காண்டாக்ட் லென்ஸ் போடலாமா என்று கேட்பீர்கள். நிறமில்லாத லென்ஸ் வழக்கமாகப் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம். கண்ணைச் சுருக்கவும் வேண்டியிருக்காது. கண்ணின் நிறத்தை மாற்றும் லென்ஸ் வேண்டாம். உங்கள் இயல்பான தோற்றம்தான் படத்தில் இருக்க வேண்டும். லென்ஸ் பழக்கமே இல்லாதவர்கள் அன்றைக்கென்று புதிதாகப் போட்டால் கண் சிவந்து நீர் வடியும். அந்தச் சோதனையும் வேண்டாம்.

கண் அறுவை சிகிச்சை செய்து, கண்ணாடியைக் கழற்றவே கூடாத நிலை என்றால் விதிவிலக்கு உண்டு. மருத்துவர் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். அப்போதும் ஃபிரேம் கண்ணை மறைக்கக்கூடாது; கண்ணாடியில் வெளிச்சமோ நிழலோ விழக்கூடாது.

மற்ற விவரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். படம் கடந்த 6 மாதங்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பின்னணி வெள்ளை. அச்சுப்படம் 51 மி.மீ. சதுரம். பதிவேற்றும் படம் ஜேபெக் வடிவில், 600 முதல் 1200 பிக்சல் வரையுள்ள சதுரமாக, 240 கேபிக்கு மிகாமல் இருக்க வேண்டும்.

நேர்காணலுக்கு முன் கைரேகை பதிய மையத்துக்குப் போகும்போது அங்கேயும் படம் எடுப்பார்கள். அப்போதும் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். படம் எடுத்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். நேர்காணலுக்குக் கண்ணாடியோடே போகலாம். என் மகளும் அப்படித்தான் போனாள்.

யார் வீட்டிலாவது பிள்ளை இப்போது விண்ணப்பம் போடுவதாக இருந்தால், ஸ்டுடியோவுக்குப் போகும் முன் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். காபி குடித்துக்கொண்டே பேசுவோம்.