சக்தியின் முதல் இசைத்தட்டு



களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்குள் செல்பவர், மொழி எவ்விடத்தில் மாறுகிறது என்று சுட்டிக்காட்ட இயலாது. 1956 நவம்பர் 1ஆம் நாள் வகுத்த எல்லையில் விளவங்கோடு இப்பாலும் நெய்யாற்றின்கரை அப்பாலும் நின்றன. திருவனந்தபுரம் வானொலியில் பணியாற்றி 2008இல் மறைந்த நெய்யாற்றின்கரை வாசுதேவனின் பாட்டை அப்பகுதித் தமிழர் நன்கறிவர். அவருடைய ஆசிரியருள் ஒருவர் ராம்நாட் கிருஷ்ணன். கிருஷ்ணனின் சகோதரர் மிருதங்க வித்துவான் ராகவன். அவர் வாசித்தும் போதிய கவனம் பெறாத ஓர் இசைத்தட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் குழுவை நடத்தி, ஜாஸும் ராக்கும் கலந்த மின்கிதார் முழக்கத்தால் புகழ்பெற்றவர் ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்லின். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் அவர் வீணை பயின்றார். ராகவன் மிருதங்கம் கற்பித்ததும் அங்கேதான். பின்னர் மெக்லாஃப்லின் மின்கிதாரை ஒதுக்கிவைத்துச் ‘சக்தி’ என்ற குழுவை அமைத்தார். எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விநாயக்ராம் கடம், ராகவன் மிருதங்கம். 1975 ஜூலையில் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரியே 1976இல் முதல் தட்டாக வெளிவந்தது.

முழக்கத்தை எதிர்பார்த்த ராக் இரசிகர் ஏமாந்தனர். நம் சபாக்காரரோ, கிதாரைக் கண்டதுமே இது நம்முடையதன்று என்றிருப்பர்! பின்வந்த தட்டுகள் செப்பமானவை. ஆதலால் முதல் தட்டை வெறும் ஒத்திகையாகக் கருதுவோர் உண்டு. நான் அதற்கு உடன்படேன். அடுத்த தட்டில் ராகவன் இல்லை. முதல் தட்டிலோ தபலா, கடம், மிருதங்கம் மூன்றையும் மூவர் வாசிக்கின்றனர். ‘ஜாய்’ என்ற 18 நிமிட உருப்படியில் கிதாரும் வயலினும் ஒரே மூச்சில் பறக்க, அடியில் மிருதங்கம் அவற்றை மண்ணோடு பிணைத்து வைக்கிறது. அந்தக் கனம் பின்னைய தட்டுகளில் எனக்குக் கேட்கவில்லை.

இக்குழுவின் பிற்காலத் தட்டான ‘திஸ் மொமென்ட்’ 2024இல் கிராமி விருது பெற்றது. அதில் வாசித்தவருள் விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேஷும் ஒருவர். கிளீவ்லாந்துத் தியாகராஜ ஆராதனையை வளர்த்தோருள் ஒருவரான ராகவன் 2009இலேயே காலமாகிவிட்டார்.

பிறமாநிலங்களில் வாழும் நேயர்கள் வாய்ப்புக் கிடைத்தால் முதல் தட்டின் இரண்டாம் பக்கத்தை முன்னதாகக் கேளுங்கள். பக்கம் முழுதும் ஒரே உருப்படி, 29 நிமிடம். கிதாரைச் சற்று மறந்து, தொப்பியிலிருந்து எழும் கும்கியை மட்டும் தொடர்ந்து செல்லுங்கள்.