பாடகரின் வரலாற்றில் எவை இடம்பெற வேண்டும்?

   

நம் வெள்ளி விழா மலருக்காக, மயிலாப்பூரில் நம் மக்களிடையே வாழ்ந்து மறைந்த பாடகர் ஒருவரின் வரலாற்றை இளைஞர்கள் எழுதியிருக்கின்றனர். அதைப் படித்த அவருடைய மகன், “அப்பா சாவு வீடுகளில் கானா பாடியதையும், அவருடைய குடிப்பழக்கத்தையும் எடுத்துவிடுங்கள் ஐயா, பஜனையில் பாடியது மட்டும் இருக்கட்டும்” என்று கேட்டுக்கொண்டார். எதை வைப்பது, எதை விடுவது என்று நீங்கள் என்னை வினவினீர்கள். என் எண்ணத்தைச் சொல்கிறேன்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் வந்ததன்று. கோட்டூர்புரத்தில் இறுதிக் காலத்தைக் கழித்து, 2004 டிசம்பர் 11-ஆம் நாள் மறைந்த இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களின் வரலாறும் இதே சோதனைக்கு உள்ளாயிற்று. 1916-இல் மதுரையில் பிறந்தவர் அவர். தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தேவதாசி மரபில் வந்த குடும்பம். அவர் பெயரின் முன்னுள்ள ‘எம்’ மதுரையையும், ‘எஸ்’ சண்முகவடிவையும் குறிக்கும். ஆம், தாயின் பெயரே அவருக்கு முதலெழுத்து! ஆயினும் புகழுரைகள் பலவும் 1940-இல் திரு. சதாசிவம் அவர்களை மணந்த பின்னுள்ள வாழ்வையே விரித்துரைத்தன. அதற்கு முந்தியதை ஓரிரு வரிகளில் கடந்து சென்றன. 2004-இல் டி.ஜே.எஸ். ஜார்ஜ் ஆங்கிலத்தில் எழுதிய வரலாறு அம்மரபை வெளிப்படையாகப் பேசிற்று.

அவ்வாறு பேசியது தவறா? தவறன்று. வீணை ஒலித்த வீட்டில் பிறந்த குழந்தை பாடிற்று. தாயை மறைத்தால் அந்தக் குழந்தையின் முதல் ஆசானையே மறைத்தவராவோம். அந்தக் குலம் நம் குலமன்று; ஆயினும் பிறப்பைச் சொல்லக் கூசும் நிலைக்கு ஒருவரை ஆளாக்கும் சமுதாயம் எது என்பதை நாம் அறிவோம்.

அவர் தொழில் பற்றிய செய்திகளிலும் இப்படியே. பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஆனால் 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1968-இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதற் பெண்மணியானார். முன்னதை விட்டுப் பின்னதை மட்டும் எழுதினால், அவர் ஏறிய படிகளின் உயரம் நமக்குத் தெரியாது. 1941-இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார்; அவ்வருவாய் ‘கல்கி’ இதழ் தொடங்கத் துணை நின்றது. ஒரு பெண்ணின் உழைப்பு எங்கே சென்று பயன்பட்டது என்பதும் வரலாறே.

எனினும் ஓரிடத்தில் எனக்கு முடிவு எளிதாக இல்லை. அவர் இளமையில் சக கலைஞர் ஒருவருக்கு எழுதிய தனிக் கடிதங்களும் அந்நூலில் இடம்பெற்றன. தெய்வமாக்கப்பட்டவரை மனித உள்ளம் படைத்த பெண்ணாகக் காண அவை உதவும் என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. ஆயினும், ஒருவர் கண்ணுக்கென்று எழுதியதைப் பலர் கண்ணுக்கு வைக்க நான் தயங்குவேன். பிறப்பை ஊரார் மறைக்கச் செய்தனர். கடிதத்தை அவரே தம்முடையதாக வைத்துக்கொண்டார். இரண்டும் ஒன்றல்ல.

மறைத்ததை மீட்ட பெண்மணியும் நம் சென்னையில் வாழ்ந்தார். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள், முத்துப்பழனி என்ற பழைய பெண் கவிஞரின் தெலுங்கு நூலை 1910-இல் பதிப்பித்தார். முன்னைய பதிப்பில் கவிஞர் தம் குலமுறை கூறிய முன்னுரை விடுபட்டிருந்தது. அதைத் தேடிச் சேர்த்தார். எதிர்ப்பு வந்தது, அரசு நூலைத் தடை செய்தது. ஆனால் கவிஞரின் வரலாறு மீண்டது.

இனி நம் பாடகருக்கு வருவோம். மூன்று வினாக்களைக் கேளுங்கள். ஒன்று: இது உண்மையா, கண்டவர் யார்? இரண்டு: இஃதின்றி அவர் பாட்டை விளக்க முடியுமா? மூன்று: நம்மை மறைக்கத் தூண்டுவது அவர் விருப்பமா, பிறர் நம்மீது சுமத்திய வெட்கமா?

சாவு வீட்டுப் பாட்டு கட்டாயம் இடம்பெற வேண்டும். இறந்தவர் வீட்டில் விடிய விடிய விழித்திருந்து, அழுவோரைத் தேற்றிய தொழிலில் இழிவு எங்கே இருக்கிறது? அதே கானா 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினரால் பெருமையோடு மேடையேறிற்று. குடிப்பழக்கம் அவர் குரலைக் கெடுத்ததென்றால் ஒரு வரியில் அடக்கமாகச் சொல்லுங்கள். வீட்டுச் சண்டைகளை விட்டுவிடுங்கள்.

ஆனால், தம்பிகளே, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் காட்டட்டுமா? எட்டுப் பக்கங்களில் அவர் மனைவியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவர் இரவெல்லாம் பாடினார். அந்த அம்மையார் விடியற்காலையில் இட்லி விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மறைக்க வேண்டுமென்று எவரும் கேளாமலே மறைத்துவிட்டோம்! அப்பெயரை முதற் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் மகனை அழைத்து, முழுவதையும் படித்துக் காட்டுங்கள். வாதாடி வெல்ல வேண்டாம். தந்தையின் பாட்டைக் கேட்டு ஆறுதல் பெற்றவர்களை அவரோடு பேச வையுங்கள். தம் தந்தையை முழுமையாகக் கண்டு அவர் தலைநிமிரும் நாளே நம் மலர் மணக்கும் நாள்.