வேலை முடிந்த ஆவி



பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து கடலுக்குச் சில நிமிட நடைதான். நம் பெரியவர்கள் பலர் ரஜூலா கப்பலில் இந்தத் துறைமுகத்துக்கு வந்தவர்கள். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய நீராவிக் கப்பல் அது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கதையை வீட்டுக்கு வீடு கேட்டிருக்கிறோம். அந்தப் பாய்க்குக் கீழே எஞ்சின் அறையில் நடந்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ரஜூலாவின் எஞ்சின்களில் ஒரே ஆவி மூன்று முறை உழைத்தது. முதல் சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளிவிட்டு வந்த ஆவி அடுத்ததற்குப் போகும், அங்கிருந்து மூன்றாவதற்கு. சின்ன நீராவிப் படகில் இதற்கெல்லாம் இடம் ஏது? பெரும்பாலும் ஒன்றிரண்டு சிலிண்டர்தான். பிஸ்டனைத் தள்ளியதும் ஆவி புஸ்ஸென்று வெளியே போய்விடும். ஆனால் சூடு இருப்பதே அந்த ஆவியில்தான். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும். அதையே ஆவியாக்க இன்னும் 540 வேண்டும். அடுப்பில் எரித்த சூட்டில் பத்தில் ஒரு பங்குகூடச் சின்னப் படகின் சுழல்விசிறிக்குப் போய்ச் சேராது.

டீக்கடை பாய்லரைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் கொதிக்கும்போதே அதன் தலையில் பால் பாத்திரமும் சூடாகும். படகிலும் அதே வேலைதான். கொதிகலனுக்குப் போகும் தண்ணீர்க் குழாயைச் சுருளாக்கி, வெளியேறும் ஆவியின் வழியில் வைக்கிறார்கள். தண்ணீர் 30 டிகிரிக்குப் பதில் 90 டிகிரியில் உள்ளே போனால், விறகோ கரியோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மிச்சம். சுருளை பம்ப்பைத் தாண்டித்தான் வைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரை பம்ப் இழுக்காது.

கடலில் ஓடும் படகுக்கு இன்னொரு தேவையும் உண்டு. உப்புத் தண்ணீரைக் கொதிகலனில் விட்டால் உள்ளே உப்பு படியும். அதனால் மிச்ச ஆவியைக் கடல்நீரால் குளிர்ந்த குழாய்களுக்குள் விட்டு, மறுபடி நல்ல தண்ணீராக்கிக் கொதிகலனுக்கே அனுப்புகிறார்கள். அதில் சிலிண்டர் எண்ணெயும் கலந்து வரும். எண்ணெய் கொதிகலனில் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பே பழுத்துவிடும். வடிகட்ட அந்நாளில் கப்பல்களில் என்ன வைத்தார்கள் தெரியுமா? காய்ந்த பீர்க்கங்கூடு! நாம் முதுகு தேய்த்துக் குளிக்கிறோமே, அதேதான். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

கப்பல் கதை என்றால் நாம் பயணிகளை மட்டுமே நினைக்கிறோம். அந்தச் சூட்டில் நின்று வால்வு திருப்பியவர்களை மறந்துவிட்டோம். உங்கள் வீட்டில் யாராவது கப்பலிலோ துறைமுகப் படகிலோ எஞ்சின் அறையில் வேலை பார்த்திருந்தால், அவர் சொன்னதை இந்த வாரமே எழுதி வையுங்கள்.