ஊரின் குரலுக்கு உரிமை வேண்டும்

(உலக வானொலி நாளையொட்டிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



பெப்ரவரி 13ஆம் நாளை உலக வானொலி நாளென 2011ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் பிரகடனஞ் செய்தது. 1946ஆம் ஆண்டு அதே நாளில் ஐக்கிய நாடுகள் வானொலி தொடங்கியமையே அதற்குக் காரணம். அன்றுதொட்டுப் பல நாடுகளிலும் இந்நாளிலே விழா எடுக்கின்றார்கள். தலைநகரங்களிலே அறிவிப்பாளருக்குப் பொன்னாடை போர்த்துகின்றார்கள்; அது அவர்களுக்கு உரியதே. சமூக வானொலி உள்ள சிற்றூரிலோ பேசுபவரும் கேட்பவரும் ஒரே பாயில் அமர்ந்திருப்பர். யாருக்குப் பொன்னாடை போர்த்துவது என்ற மயக்கமே அங்கு எழும்! அந்த மயக்கந்தான் சமூக வானொலியின் இலக்கணம் என்பேன்.

சமூக வானொலி என்பது பெரிய வானொலியின் குட்டி அன்று. வர்த்தக வானொலிக்குக் கேட்பவன் ஒரு வாடிக்கையாளன். அரச வானொலிக்கு அவன் ஒரு பிரசை. சமூக வானொலிக்கு அவன் உரிமையாளன். எதைப் பேசுவது, எந்த மொழியில், எந்த வேளையில் பேசுவது என்பதை ஊர் கூடித் தீர்மானிக்கின்றது. ஆகவே ஒலிபரப்பிக் கருவி பின்னர் வருவது. கூட்டமே முன்னர் வருவது.

இது புதிய கருத்துமன்று. கனடா நாட்டிலே 1941ஆம் ஆண்டில் உழவர் வானொலி மன்றங்கள் தோன்றின. அயலவர் ஒரு வீட்டிலே கூடி நிகழ்ச்சியைக் கேட்பர், கேட்டபின் விவாதிப்பர், தம் முடிபை எழுதி அனுப்புவர். அந்த முறையை 1956இல் இந்தியாவிலே பூனா வட்டாரத்து 150 கிராமங்களிற் பரீட்சித்துப் பார்த்தார்கள். சோழநாட்டின் தஞ்சையிலே 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல்லினம் பரவியபோது, திருச்சி வானொலியின் வாயிலாக அதனை அறிந்த உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டுவிட்டனர். விதைக்கு வானொலியின் பெயரை இட்ட உழவன், வானொலி தன் வயலுக்குள் இறங்கிவிட்டது என்பதை ஒரே சொல்லில் உலகுக்கு உரைத்தான்.

நம் ஊர்களும் இதனை அறியாதவை அல்ல. இலங்கை வானொலியின் கிராம சஞ்சிகையை இங்குள்ள முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். வீட்டுக்கு வீடு வானொலிப் பெட்டி இல்லாத அக்காலத்திலே சனசமூக நிலையத்தின் திண்ணையே நமது மன்றமாயிருந்தது. ஆனால் திண்ணையில் எழுந்த விவாதம் திண்ணையிலேயே முடிந்தது. கொழும்பு பேசியது, நாம் கேட்டோம். நமது மறுமொழிக்கு வழியில்லை.

அந்த வழியை இந்நாட்டிலே முதலிற் காட்டியது எது? இங்கே சற்று மனக்கசப்பான ஒரு விடயத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. 1981ஆம் ஆண்டு யுனெஸ்கோவினதும் டென்மார்க் அரசினதும் உதவியோடு தொடங்கப்பட்ட மகாவலி சமூக வானொலியே அது. மகாவலி என்ற பெயரைக் கேட்டதும் மணலாற்றிலே காணி இழந்த நம்மவரின் நெஞ்சம் எரியும். அந்த எரிச்சல் நியாயமானது. குடியேற்றத் திட்டங்கள் நமது பிரதேசங்களின் குடிப்பரம்பலையே மாற்றியமைத்தன என்பதை மறைப்பதற்கில்லை. எனினும், அத்திட்டத்தோடு இணைந்த வானொலி கையாண்ட முறையை அறியாமல் விடுவது நமக்கே நட்டம்.

அம்முறை என்ன? நிகழ்ச்சி தயாரிப்போர் கலையகத்தில் இருந்து கொண்டு கிராமத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமத்துக்கே சென்றார்கள். அங்கே சில நாட்கள் தங்கினார்கள். குடியேறியவர்களோடு உண்டு, உறங்கி, வாய்க்காலில் நீர் வராமைக்கு யார் காரணம், கடன் ஏன் கிடைக்கவில்லை என்றெல்லாம் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்தார்கள். ஊர் கூடும் மாலைப்பொழுதிலே பாட்டும் கூத்தும் நடைபெற, அதுவும் பதிவாயிற்று. பதவியிலிருந்த உத்தியோகத்தர் அக்குரல்களுக்கு மறுமொழி சொல்லவேண்டிய நிலை வந்தது. பின்னர் 1986இல் கிராந்துருக்கோட்டையிலும் 1989இல் கொத்மலையிலும் சிறு நிலையங்கள் எழுந்தன. 1999இலே கொத்மலை நிலையம் இணையத்தையும் துணைக்கழைத்தது. நேயர் ஒருவர் ஒரு கேள்வியை அனுப்புவார். நிலையத்தார் இணையத்திலே தேடி விடையை வானலையிற் சொல்லுவார்கள். கணினியைக் கண்ணாற் காணாத ஊரவருக்கும் உலகின் நூலகம் திறந்தது. உலகின் பல பாகங்களிலிருந்தும் அறிஞர்கள் அதனைப் பார்க்க வந்தார்கள்.

ஆனால் அந்த நிலையங்கள் யாருடையவை? அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தினுடையவை. ஆளணி கூட்டுத்தாபனத்தினது, அலைவரிசை கூட்டுத்தாபனத்தினது, இறுதி முடிபும் கூட்டுத்தாபனத்தினதே. ஊரார் பேசலாம், நிலையத்தை மூடாதே என்று கட்டளையிட முடியாது. கருணையாற் கிடைத்தது கருணை தீர்ந்ததும் போய்விடும்.

சட்டத்தைப் பார்ப்போம். வழக்கறிஞர்கள் பலர் இங்கிருக்கின்றீர்கள். 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படியே தனியார் வானொலிகளுக்கு அமைச்சர் அனுமதிப்பத்திரம் வழங்குகின்றார். சமூக வானொலி என்றொரு வகையை அச்சட்டம் அறியாது. பணமுள்ள கம்பனி கேட்கலாம். ஒரு கமக்காரர் சங்கமோ கடற்றொழிலாளர் சங்கமோ தன் பெயரிற் கேட்பதற்கென ஒரு வாசல் அங்கில்லை. 1997ஆம் ஆண்டிலே ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது, நமது உயர் நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்றும், அவற்றை ஒழுங்குபடுத்தும் சபை அரசாங்கத்தின் பிடிக்குள் இருத்தலாகாது என்றும் கருதி, அச்சட்டமூலத்தை அரசியலமைப்புக்கு முரணென்றது. தீர்ப்புக் கிடைத்தது, சொத்து மட்டும் உரியவரின் கைக்கு வரவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல், கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்புவது என்ற வழக்கிலே (பந்தடியாலும் சில வேளை நன்மை விளைகின்றது!), வானலை பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிலையங்களுக்கும் 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வாசல் திறந்தது. பாம்பனிலே 2016 முதல் மீனவருக்கென ‘கடல் ஓசை’ ஒலிக்கின்றது. குறையும் உண்டு. அந்நிலையங்கள் தாமே திரட்டிய செய்தியை ஒலிபரப்ப அங்கு அனுமதியில்லை. நாம் கேட்கும் சட்டத்திலே அந்தக் குறை இருத்தலாகாது. ஏனெனில் நமக்கு வேண்டியது பாட்டு மாத்திரமன்று.

சுன்னாகத்தை எண்ணிப்பாருங்கள். 2014, 2015ஆம் ஆண்டுகளிலே கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்ற செய்தி பரவியது. குடிக்கலாமா? தோட்டத்துக்கு இறைக்கலாமா? பிள்ளையைக் குளிப்பாட்டலாமா? ஓர் அறிக்கை ஒன்றைச் சொன்னது. மற்றோர் அறிக்கை வேறொன்றைச் சொன்னது. இரசாயனம் கற்றவரும் மருத்துவம் கற்றவரும் நம்மிடையே இல்லாமலா போயினர்? இருந்தனர். அவர்களும், கிணற்றடியில் வாளியோடு நின்ற தாயும், நாள்தோறும் ஒரே மேடையில் எதிரெதிர் அமர்ந்து பேசுவதற்கு ஓர் இடம் இருக்கவில்லை. 2019இலே உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கப் பணித்தது. அதுவரை சென்ற ஆண்டுகளிலே வதந்தியே ஊரின் வானொலியாயிருந்தது.

2018 டிசெம்பரிலே இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் வெள்ளத்தில் அகப்பட்டுத் தவித்தனர். எந்த வாய்க்கால் வழியே எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு நீர் வரும் என்று கொழும்பிலிருந்து ஒருவர் சொல்லமுடியுமா? 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது பயிர் வாடியதை முதலிற் கண்டவன் கமக்காரன். அவன் குரல் கடைசியிலேதான் கேட்டது.

கைப்பேசி இருக்கின்றதே, வானொலி எதற்கு என்று இளைஞர் வினவுகின்றனர். நியாயமான வினாவே. கைப்பேசியிலே வரும் சேதிக்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை. யார் சொன்னது என்று கேட்டால் ‘வந்தது, அனுப்பினேன்’ என்கிறார்கள். ஊர் வானொலியிலே பொய் சொன்னவர் மறுநாட் காலை சந்தைக்கு வந்தாகவேண்டும். மண்வெட்டி பிடித்த கைக்குத் திரையைத் தடவ நேரமுமில்லை. 2022இலே மின்சாரம் மணிக்கணக்காகத் தடைப்பட்ட நாட்களிலும் இரண்டு மின்கலங்கள் போட்ட வானொலி பேசிக்கொண்டேயிருந்தது.

இனி, நம்மை நாமே கேட்கவேண்டிய கேள்வி. நாளை அனுமதி கிடைத்தால் ஒலிவாங்கியின் முன் யார் அமர்வது? கோயில் மண்டபத்தைப் போல அதுவும் சிலருக்கு முற்றமும் சிலருக்கு வீதியுமாகிவிடுமா? தெலுங்கானாவிலே, சகீராபாத்துக்கு அண்மையில் உள்ள மச்சனூரில் ‘சங்கம் வானொலி’ என்றொரு நிலையமுண்டு. அதனை நடத்துபவர்கள் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்கள். சிறுதானியம் விதைக்கும் ஏழை உழத்தியர். விதையைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் தம் வட்டாரத் தெலுங்கிலே பேசுகின்றார்கள். அவர்களுக்கு அனுமதி கிடைத்தது 2008இலே. ஆனால் 1990களின் இறுதியிலேயே நிலையத்தை அமைத்துவிட்டார்கள். அனுமதி வரும்வரை கைகட்டி இருந்தார்களா? இல்லை. ஒலிநாடாவிலே பதிவு செய்து, ஊர் ஊராகக் கொண்டு சென்று, சங்கக் கூட்டங்களிலே போட்டுக் காட்டினார்கள். ஏறத்தாழப் பத்தாண்டுகள் வானலை இல்லாமலே வானொலி நடத்தினார்கள்! நம்முள்ளே அத்தகைய பொறுமை உடையோர் எவர், அவர்களுக்கு இடம் விடும் மனமுடையோர் எவர் என்பதே எனது ஐயம்.

ஆகவே இரு கருமங்களை இச்சபையின் முன் வைக்கின்றேன். சமூக வானொலியைத் தனி வகையாக ஏற்று, அரசாங்கத்தின் பிடியில் இல்லாத சபையின் வாயிலாக அனுமதி வழங்கும் சட்டத்துக்கான மனுவை நம் வழக்கறிஞர்கள் வரையவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் வரையவேண்டும். மொனராகலைக் கமக்காரனுக்கும் இந்த வாசல் மூடியே இருக்கின்றது. அவன் கையொப்பமும் நமக்கு வேண்டும்.

மற்றக் கருமத்துக்குச் சட்டம் வேண்டியதில்லை. சனசமூக நிலையத்திலே கிழமைக்கு ஒரு மாலை கூடுங்கள். இக்கிழமை வெங்காயத்தின் விலை, குளத்தின் நீர்மட்டம், கமநல சேவை நிலையத்திலே கிடைத்த பதிலும் கிடைக்காத பதிலும், பாட்டி சொன்ன நாட்டார் பாடல், இவற்றைப் பதிவு செய்யுங்கள். அடுத்த ஊரின் நிலையத்திலே போட்டுக் காட்டுங்கள். பெண்களும், இதுவரை அந்தத் திண்ணையில் ஏறாதவரும் முதலிற் பேசட்டும். பொறியியலாளர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. இந்தியச் சமூக நிலையங்களுக்கு அனுமதிக்கப்பட்ட வலு 100 வாற்று. கம்பத்தின் உயரம் 30 மீற்றர். நல்லதொரு தென்னையின் உயரந்தான். சட்டம் வரும் நாளிலே கருவியை இயக்கத் தெரிந்த பத்துப் பிள்ளைகளாவது ஊருக்கு ஊர் பயின்றிருக்கவேண்டும். அவர்களுக்கு வகுப்பெடுக்க விரும்புவோர் இக்கூட்டம் கலைவதற்கு முன்னரே செயலாளரிடம் பெயரைப் பதிந்துவிட்டுச் செல்லுமாறு வேண்டுகிறேன்.