கல் சிங்கம் எழுந்த சங்கதி
(ஆம்பூரில் தோல் தொழிலாளத் தோழர்களிடையே பேசியது)



சினிமாவைப்பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் கேட்கலாம். கோவிலுக்குப் போகாதவன்கூடச் சினிமாவுக்குப் போகிறான். ஆதலால் பேசித்தானாக வேண்டியிருக்கிறது.

தென்னாட்டின் முதல் கதைப்படமாகிய "கீசக வத"த்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் நம் வேலூரில் பிறந்தவர். அதுவும் புராணந்தான். 1917-ல் பம்பாய்ப் பக்கத்தில் பால்கேயின் "லங்கா தகனம்" ஓடியபோது, இராமன் திரையில் வந்ததும் ஜனங்கள் விழுந்து கும்பிட்டார்களாம். கும்பிடாமல் என்ன செய்வார்கள்? கண்ணாலேயே பார்த்தார்களே!

புராணப் படத்தில் சுவாமி மறைவது எப்படி? வேஷக்காரர் நிற்கிறார். காமிராவை நிறுத்துகிறார்கள். அவர் பீடி குடிக்கப் போய்விடுகிறார். காமிராவை மறுபடி ஓட்டுகிறார்கள். இடையில் வீணான பிலிமைக் கத்தரித்து, இரு நுனிகளையும் ஒட்டிவிட்டால் மகிமை தீர்ந்தது! செருப்புத் தைக்கும் நீங்கள் இரண்டு தோலைச் சேர்க்குமுன் விளிம்பைச் சீவி மெலிதாக்கிப் பசை போடுகிறீர்களல்லவா? பிலிமிலும் விளிம்பிலுள்ள பூச்சைச் சுரண்டித்தான் பசை தடவுவார்கள். அந்தப் பூச்சு என்ன? மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த ஜெலட்டின்! தோல்ஷாப்பு நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போகும் வைதீகர் அந்த ஜெலட்டினில் படிந்த இராமனுக்குத்தான் கை கூப்பினார். தீட்டு அப்போது எங்கே போயிற்றோ!

நிற்க, பால்கேயை நாம் குறைகூற வரவில்லை. படம் எப்படித் தயாராகிறது என்பதையே அவர் ஒரு சிறு படமாக எடுத்துக் காட்டினார். தந்திரம் என்பது எடுத்தவருக்குத் தெரியும், கும்பிட்டவருக்குத்தான் தெரியாது.

இதைவிடப் பெரிய சங்கதி ருஷ்யாவில் நடந்தது. குலஷோவ் என்பவர் 1920ஐ ஒட்டி, ஒரு நடிகரின் யாதொரு பாவமுமற்ற முகத்தை ஒரு தடவை சூப்புக் கிண்ணத்தோடும், ஒரு தடவை பிணப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். என்ன பசி, என்ன துக்கம் என்று பார்த்தவர்கள் நடிப்பைப் புகழ்ந்தார்களாம். முகமோ ஒன்றே! பசியும் துக்கமும் பார்த்தவர்கள் தாங்களே கொண்டுவந்து வைத்தவை. இப்படி ஒட்டி அர்த்தம் உண்டாக்குவதற்கு மாண்டாஜ் என்று பெயர்.

ஐசன்ஸ்டீன் 1925-ல் "பொட்டம்கின்" படத்தில் படுத்த சிங்கம், தலைதூக்கிய சிங்கம், எழுந்த சிங்கம் என்று மூன்று தனித்தனிக் கற்சிலைகளை அடுத்தடுத்து ஒட்டினார். கல் எழுந்துவிட்டது! நம்மூரானால் அங்கேயே உண்டியல் வைத்திருப்பான். அவரோ, ஜாரின் பட்டாளம் ஜனங்களைச் சுட்ட கொடுமைக்குக் கல்லும் எழும் என்று காட்டவே அப்படிச் செய்தார். "வேலைநிறுத்தம்" என்ற படத்தில், சுடப்படும் தொழிலாளர்களுக்கு நடுவே மாடு அறுபடுவதை ஒட்டினார்.

அதுவும் ஒட்டுத்தானே என்று ஒரு தோழர் கேட்கிறார். கேட்டது நியாயமே. ஆனால் எதை எதோடு ஏன் ஒட்டினேன் என்று அவர் விளக்கி விளக்கி எழுதினார். சிங்கத்தைக் கும்பிடச் சொல்லவில்லை.

இன்று பிலிமும் கத்தரியும் பெரும்பாலும் போய்விட்டன. கைப்போனிலேயே ஒட்டுகிறார்கள். எங்கோ, என்றோ எடுத்த கலவரத்தை நம் ஊர்ப் பெயரோடு ஒட்டி, இரவோடிரவாக அனுப்பிவிடலாம். இந்துவும் முஸ்லிமும் ஒரே ஷாப்பில் வேலை செய்யும் ஊர் இது. அப்படியொன்று கைக்கு வந்தால், எந்த ஊர், எந்த நாள், இதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று அனுப்பினவனையே கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்களோடு அதை நிறுத்திவிடுங்கள்.