பாஸ்டர் லீவு எடுக்கலாமா?

இன்னைக்குப் பேசப்போறது பாஸ்டர்மாருக்கு. மூப்பர்மாரும் கமிட்டிக்காரங்களும் பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க, இதுல வேலை உங்களுக்குத்தான் அதிகம்.

ஒரு ஆறு மாசம் ஊழியத்தைவிட்டு ஒதுங்கி இருந்தா தேவலைன்னு நிறைய ஊழியக்காரங்களுக்குத் தோணுது. வெளியே சொல்லத்தான் பயம். ரெண்டு ஞாயிறு பாஸ்டரை மேடையில காணோம்னா, மூணாவது ஞாயிறு "ஐயா விழுந்துட்டாராமே"ன்னு கதை கிளம்பிடும். அதனால நீங்களே முந்திக்கிட்டுச் சொல்லிடுங்க.

அமெரிக்காவுல மினியாபொலிஸ் பெத்லகேம் பாப்டிஸ்ட் சபையில ஜான் பைப்பர்னு ஒரு போதகர், 1980-ல இருந்து 2013 வரைக்கும் அங்கேதான் ஊழியம் செஞ்சார். 2010-ல மே முதல் டிசம்பர் வரைக்கும் எட்டு மாசம் விடுப்பு கேட்டார். பெரிய பாவத்துல விழுந்துட்டு இல்லங்க. தன் உள்ளத்துல பெருமை இருக்கு, அதைக் கவனிக்கணும், மனைவிக்கும் குடும்பத்துக்கும் நேரம் கொடுக்கணும்னு சபைக்கு வெளிப்படையாவே எழுதினார். அந்த எட்டு மாசமும் புத்தகம் எழுதுறதில்ல, ட்விட்டர் இல்ல, பிரசங்கத் தயாரிப்பும் இல்லன்னு சொல்லிட்டுத்தான் போனார். தவணை முடிஞ்சதும் திரும்பி வந்தார். போற தேதியும் வர்ற தேதியும் சபைக்குத் தெரிஞ்சிருந்தா வதந்திக்குப் பாதி வேலை போச்சு.

நம்ம ஆளுங்க சிலர் லீவுன்னு சொல்லிட்டு பக்கத்து ஜில்லா கன்வென்ஷன்ல மூணு நாள் பேசிட்டு வருவாங்க. அது லீவா ஐயா?

இனி பணம். சி.எஸ்.ஐ. மாதிரி திருமண்டலம் இருக்கிற சபையில இன்னொரு ஆயரைக் கொண்டு ஆராதனையை நடத்திடலாம். சுயாதீன சபையில காணிக்கைதான் சம்பளம். பாஸ்டர் இல்லேன்னா கூட்டம் குறையும், காணிக்கை குறையும், அவர் வீட்டு வாடகை நிக்கும். இந்தப் பயத்துலயே காய்ச்சலோட பிரசங்கம் பண்றவங்க உண்டு. மூப்பர்மாரே, லீவு மாசங்களுக்கு இவ்வளவு தொகைன்னு கமிட்டியில தீர்மானம் எழுதி, மாசாமாசம் அவர் கணக்குல போட்டுடுங்க. எந்த ஞாயிறு யார் செய்தி, சாவு வீட்டுக்கு யார் போறது, ராத்திரி போன் வந்தா யார் எடுக்கிறது, எல்லாத்துக்கும் ஆள் குறிச்சுடுங்க. அதையெல்லாம் பாஸ்டரம்மா தலையில கட்டிடாதீங்க. அவங்களுக்கும்தான் இந்த ஓய்வு.

பாஸ்டர், லீவுல என்ன செய்யணும்னு பெரிய திட்டம் போடவேண்டாம். முதல்ல தூங்குங்க. சுகர், பிரஷர் பாருங்க. உங்களைத் தெரியாத ஒரு சபையில கடைசி பெஞ்சுல உட்கார்ந்து வசனம் கேளுங்க. கர்மேல் மலையில அவ்வளவு பெரிய ஜெயம் கண்ட எலியாவே, சூரைச்செடிக்குக் கீழ படுத்து, சாகணும்னு கேட்டார். தேவதூதன் ரெண்டு தடவை எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். ஓரேபு மலையில தேவன் அவர்கிட்ட கேள்வி கேட்டது அதுக்கப்புறம்தான். உங்களுக்கும் அந்தச் சாவு நினைப்பு வருதுன்னா, லீவு தேதிக்காகக் காத்திருக்காதீங்க. இன்னைக்கே வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லி, மனநல டாக்டரைப் பாருங்க. டாக்டர்கிட்ட போறது விசுவாசக் குறைச்சல் இல்ல.

பாஸ்டர் திரும்பி வர்ற முதல் வாரத்தைப் பத்தி மூப்பர்மாருக்கு இன்னொரு வேண்டுகோள். ஆறு மாசமா சேர்த்துவெச்ச பஞ்சாயத்து எல்லாத்தையும் அன்னைக்கே அவர் மேஜையில வைக்காதீங்க. முதல் மாசம் அவர் பிரசங்கம் மட்டும் பண்ணட்டும்.