அணையின் கீழே ஓர் ஆறு

நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஓடைகளிலே ட்றவுட் என்னும் மீனினத்தை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் கொண்டுவந்து விட்ட செய்தியை நேயர்கள் பலர் அறிவர். குளிர்ந்து தெளிந்த நீர் இல்லாத இடத்தில் அம்மீன் வாழாது. எனினும், வெயில் கொளுத்தும் பாலைநிலத்தின் நடுவே அம்மீன் செழித்து வளர்ந்த ஆறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே லீஸ் ஃபெரி என்னும் துறையை அடுத்துப் பாயும் கொலராடோ ஆறே அது.

முன்னாளில் இவ்வாறு வண்டல் நிறைந்து கலங்கி ஓடியது. கொலராடோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குச் செந்நிறமுடையது என்பதே பொருள். மாரியில் உறைநிலையை அணுகும் நீர், கோடையில் 25 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறும். 1963ஆம் ஆண்டு கிளென் கன்யன் அணையின் வாயில்கள் மூடப்பட்டதும் ஆற்றின் இயல்பே மாறிற்று. 710 அடி உயரமான அவ்வணையின் பின்னே வண்டல் தங்கிற்று. வெயிலின் வெப்பம் எட்டாத ஆழத்து நீர், மின்சுழலிகளை இயக்கிவிட்டுப் பளிங்குபோல வெளியேறிற்று. ஏறத்தாழ 10 பாகைக் குளிர்ச்சி அதிலே நிலைத்தது. 1964ஆம் ஆண்டு முதல் வானவில் ட்றவுட் மீன்கள் அங்கு விடப்பட்டன. அணைக்கும் துறைக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 15 மைல் தூரம் தூண்டிற்காரர் நாடும் இடமாயிற்று.

இருமருங்கும் செம்பாறைகள் செங்குத்தாய் எழுந்து நிற்க, தூண்டிற்காரன் படகேறி ஆற்றை எதிர்த்துச் சென்று, ஆழங்குறைந்த பரல்மேட்டில் இறங்கி நிற்பான். எதிர்முள் இல்லாத சிறு தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி ஆக்கிய பொய்ப்பூச்சியே அவனது இரை. ஏனைய தூண்டிலில் முனையிலுள்ள பாரம் கயிற்றை இழுத்துச் செல்லும். இதிலோ கயிற்றின் பாரமே இறகை ஏந்திச் செல்லும். நீரில் விழுந்த பொய்ப்பூச்சி நீரோட்டத்தின் வேகத்திலேயே செல்லுதல் வேண்டும். கயிறு சிறிது இழுத்தாலும் மீன் ஐயுற்று விலகிவிடும். அகப்பட்ட மீனையும் பலர் மீண்டும் நீரிலேயே விட்டுவிடுவர்.

ஆனால், இவ்வாற்றின் ஏற்றவற்றம் மழையைப் பொறுத்ததன்று. தொலைவிலுள்ள நகரங்களின் மின்தேவையைப் பொறுத்தது. தேவை கூடும் வேளை நீர் உயரும். குறையும் வேளை தாழும். கரையோரத்திற் பூச்சிகள் இட்ட முட்டைகள், நீர் தாழ்ந்ததும் வெயிலிற் காய்ந்து அழிந்தன. பூச்சி குறையவே மீனின் உணவும் குறைந்தது. இதனை ஆராய்ந்த அறிஞரின் யோசனைப்படி, 2018ஆம் ஆண்டுக் கோடையில் வார இறுதி நாட்களில் மட்டும் நீர்மட்டத்தைத் தாழ்வாகவும் மாறாமலும் வைத்துப் பார்த்தனர். அந்நாட்களில் இட்ட முட்டைகள், நீர் பின்னர் உயர்ந்தாலும் நனைந்தபடியே இருக்குமல்லவா? பூச்சிக்கும் வாரத்தில் இரு நாள் ஓய்வு அளித்தனர் எனலாம்.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. ட்றவுட் அவ்வாற்றின் விருந்தாளியே. கலங்கிய, கோடையில் வெம்மையுறும் நீருக்கே பழகிய கூன்முதுகுக் கெண்டை முதலிய சுதேச மீன்கள் குளிரினால் நலிந்தன. சில இனங்கள் அப்பகுதியை விட்டே மறைந்தன. பின்னர், நீண்ட வறட்சியினால் அணையின் நீர்த்தேக்கம் தாழ்ந்தது. மேற்பரப்பின் வெந்நீர் சுழலிகளின் வாயை அணுகவே, 2022ஆம் ஆண்டில் ஆற்று நீர் 20 பாகையை எட்டிற்று. நீர்த்தேக்கத்தில் வாழ்ந்த பாஸ் என்னும் கொன்றுண்ணி மீன் கீழே இறங்கி இனம்பெருக்கத் தொடங்கிற்று. ட்றவுட்டுக்கு வெம்மை ஆகாது. சுதேச மீனுக்கோ பாஸ் ஆகாது. 2024ஆம் ஆண்டில், மின் உற்பத்தியில் ஒரு பகுதியை இழந்தும், இன்னும் ஆழத்திலுள்ள குழாய்களின் வழியே குளிர்நீரைத் திறந்துவிட்டனர்.

இயற்கையாய் ஓடிய ஆற்றுக்குக் காவலன் வேண்டியதில்லை. மனிதன் ஒருமுறை கைவைத்த ஆற்றையோ, அவன் நாள்தோறும் காத்தே ஆகவேண்டும். பரல்மேட்டில் நிற்கும் தூண்டிற்காரன், நீர் தன் முழங்காலைத் தாண்டி ஏறும்போதெல்லாம் அவ்வுண்மையை உணர்கின்றான்.